சுவரில் தலை சாய்ந்த இடம்

படிக்கட்டு துடைக்கும் முறை அந்த வாரம் சிதம்பரத்துடையது. ஜெர்மனியில் கடவுளுக்குப் பயப்படாதவன்கூட இந்த முறைக்குப் பயப்படுவான். ஒரு வாரம் தவறினால் போதும், கீழ்வீட்டுக்காரர் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டிவிடுவார். அதனால் புத்தாண்டு கழிந்த முதல் சனிக்கிழமை காலை, வாளியும் துணியுமாக மூன்றாம் மாடியிலிருந்து இறங்கத் தொடங்கினான். இறங்கியது என்னவோ ஒரு படிதான். தன் வீட்டுக் கதவுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டான்.

வெள்ளைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கறை. ஓரங்களில் மஞ்சள் படர்ந்து, நடுவில் பளபளப்பாக இருந்தது. ஈரத்துணியால் தேய்த்தான், போகவில்லை. சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தபோது கறை இன்னும் கொஞ்சம் அகலமானது. விரலை மூக்கருகே கொண்டுபோனான். நல்லெண்ணெய்.

அந்தப் படிக்கட்டில் ஜன்னல் கிடையாது. பொத்தானை அழுத்தினால் விளக்கு மூன்று நிமிஷம் எரிந்து தானாக அணைந்துவிடும். அது அப்போது அணைந்தது. இருட்டில் குந்தியிருந்தபடியே கையால் பொத்தானைத் தேடியவனுக்கு, அந்தக் கறை ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்பது புரிந்தது. தரையில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்க்கும் ஒரு ஆளுடைய தலை, சரியாக அங்கேதான் படும். எதிர்வீட்டு அம்மாள் குளிர்காலம் முழுக்க ஸ்பெயினில் அக்கா வீட்டில் இருப்பவர். இந்த மாடியில் வேறு வீடு இல்லை.

அவனுடைய அப்பா ஆண்டியப்பன் தலை நிறைய நல்லெண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்பமாட்டார். சிவகங்கைப் பக்கத்து வீட்டில் வாசல் கதவை ஒட்டிய சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தாலும் அந்த வட்டம் சுண்ணாம்பை மீறி வெளியே வந்துவிடும். சிதம்பரத்துக்குப் பதினாலு வயதாக இருந்தபோது ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிய அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று சொல்லவில்லை. எந்த வீட்டிலும் எவரும் சொல்லும் "போயிட்டு வரேன்" என்ற அந்த இரண்டு வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு வயது நாற்பத்துமூன்று. அதன் பிறகு வரவேயில்லை.

தாத்தாவும் அதே வயதில் அப்படித்தான் போனார். "அந்த வீட்டு மூத்தவன் நாற்பத்துமூணுல வீடு தங்கமாட்டான்" என்று ஊரே சொல்லும். அதற்குக் காரணமும் சொல்லும். கும்பினிக்காரர்களை எதிர்த்துச் சண்டை போட்ட, ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்தைய பாட்டன் முத்திருளாண்டியை 1802-இல் காலில் விலங்கு பூட்டி, தூத்துக்குடியில் கப்பலேற்றி, பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். எந்த மண்ணில், எந்த நாளில் அவர் செத்தார் என்று தெரியாததால் அவருக்குத் திதி இல்லை, படையல் இல்லை. பசியோடு இருக்கும் அந்த உயிர்தான் தலைமுறைக்கு ஒருவனைத் துணைக்குக் கூப்பிடுகிறது என்பார்கள்.

சிதம்பரம் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிப்பவன். வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை, மனைவி வேதவல்லி, முதல் வகுப்பில் படிக்கும் மகள் மீரா என்று பதினொரு வருஷம் ஒழுங்காக ஓடியது. அவனை நம்ப வைத்தது போன டிசம்பர் மாதம்.

டிசம்பரில் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அவன் ரயில் நிலையத்து நடைமேடையில் நின்றுகொண்டிருந்தான். காலில் வீட்டுச் செருப்பு. கையில், கீழே குப்பைத்தொட்டியில் போடுவதற்காக எடுத்து வந்த பழைய காகிதப் பை. வீட்டிலிருந்து அங்கே நடக்க முக்கால் மணி நேரம் ஆகும். நடந்த நினைவு கொஞ்சமும் இல்லை. பத்து நாள் கழித்து மறுபடி அதே நடைமேடை. மூன்றாம் தடவை, ரயில் வந்து கதவு திறந்து, அவன் ஒரு காலை உள்ளே வைத்திருந்தான். யாரோ ஒரு குழந்தை பெட்டிக்குள் சிரித்தது. மீராவின் ஞாபகம் வந்து காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பனி பெய்த அந்த நடைமேடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அவனுக்குப் போக வேண்டாம். எங்கேயும் போக வேண்டாம். அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்தவனுக்குத்தான் தெரியும் அது என்ன வீடு என்று. மீராவுக்கு அந்த வீடு வரக் கூடாது. தை முடிவதற்குள் அவனுக்கு நாற்பத்துமூன்று வயது நிறைந்துவிடும்.

வேதவல்லியிடம் ஒரே ஒரு தடவையைப் பற்றித்தான் சொன்னான். "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும்ங்க, டாக்டர பாருங்க" என்றாள். நரம்பு டாக்டரைப் பார்க்க டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், ஏப்ரலில்தான் கிடைத்தது. ஏப்ரல் வரை அவன் வீட்டில் இருப்பானா?

பாட்டன் செத்த நாள் தெரிந்தால் திதி கொடுக்கலாம். திதி கொடுத்தால் பசி அடங்கும். நீரில் மூழ்குகிறவன் வைக்கோலைப் பிடிப்பதுபோல அவன் அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டான். தமிழ்நாட்டில் ஊழியம் செய்த ஜெர்மன் பாதிரிமார்களின் பழைய காகிதங்கள் கிழக்கு ஜெர்மனியில் ஒரு ஆவணக் காப்பகத்தில் இருந்தன. அங்கே ஆராய்ச்சி செய்யும் தக்சாயினி என்ற பெண்ணுக்கு எழுதினான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் வளர்ந்தவள், பழைய தமிழ்க் கையெழுத்தும் பழைய ஜெர்மன் கையெழுத்தும் படிக்கத் தெரிந்தவள். பாட்டன் பேரையும் ஊரையும் அனுப்பிவிட்டுத் தினமும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் போன் செய்தாள். வெளியே ஏற்கெனவே நல்ல இருட்டு. சமையலறை மேசையில் மீரா எதையோ வரைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, கதைக்கலாமோ? உங்கட ஆளைக் கண்டுபிடிச்சிட்டன்" என்றாள் தக்சாயினி. "ஆனா நீங்க நினைச்ச மாதிரி இல்லை. அவர் பினாங்கில சாகேல்லை. திரும்பி ஊருக்கு வந்திருக்கிறார்."

"வந்துட்டாரா?"

"ஓம். ஒரு உபதேசியார் எழுதின நாட்குறிப்பு. தமிழ்லதான் இருக்கு. வாசிக்கிறன், கேளுங்கோ."

அவள் நிதானமாக வாசித்தாள். காகிதம் புரளும் சத்தமும் அவளுடைய மூச்சும் போனில் கேட்டன.

"'ஒரு வீட்டு வாசலிலே ஒரு மனுஷன் மண்ணிலே உட்கார்ந்து சுவரிலே தலை சாய்த்திருக்கக் கண்டேன். விசாரிக்கையில், இந்த வீட்டுத் தகப்பன் பதின்மூன்று வருஷத்துக்கு முன் கும்பினியாரால் கப்பலேற்றப்பட்டவன் என்றும், பன்னிரண்டு வருஷம் சென்றபின் அவன் மகன் தர்ப்பைப் புல்லினாலே உருவம் பண்ணி அதற்குக் கொள்ளி வைத்தான் என்றும் சொன்னார்கள். இப்பொழுது வந்திருக்கிறவன் நானே உன் தகப்பன் என்கிறான். மகன் கதவுக்குள்ளே நின்று யார் என்று கேட்கிறான். இவன் தன் பேரைச் சொல்லுகிறான். மகனோ, அவர் செத்துப்போனார், நான்தான் கொள்ளி வைத்தேன் என்று சொல்லிக் கதவை அடைக்கிறான். நான் சோறு கொடுத்தபோது இவன் தொடவில்லை. உள்ளேயிருந்து ஒருவர் பேர் சொல்லி அழைத்தால் உண்பேன் என்றான். பதினோராம் நாள், தை அமாவாசை உச்சிப்பொழுதிலே, அந்த வழியாய் மறுபடி வந்தேன். அவனை வாசலிலே காணவில்லை. சுவரிலே தலை பட்ட இடம் எண்ணெயாயிருந்தது.'"

சிதம்பரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "தை அமாவாசையா?"

"ஓம் அண்ணா. ஆனா செத்தார் எண்டு எழுதேல்லை. காணேல்லை எண்டுதான் எழுதியிருக்கு. அதுக்குப் பிறகு இன்னும் ரெண்டு வரி இருக்கு. 'கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவன் இலையிலே உட்கார்ந்து உண்டுகொண்டிருந்தான். வீட்டு மகன் எங்கே என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை.' எனக்கு இது ஒரு மாதிரி இருக்கு அண்ணா. வடிவா யோசிச்சுச் செய்யுங்கோ."

"தேதி கெடச்சிருச்சும்மா. அது போதும். ரொம்ப தேங்க்ஸ்" என்று போனை வைத்தான். தை அமாவாசை வருகிற ஞாயிற்றுக்கிழமை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாகத்தான் அவனுக்குப் பட்டது. கடைசி இரண்டு வரி அவன் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

மீரா வரைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேசமாட்டாள். எதைக் கேட்டாலும் பதில் ஜெர்மனில்தான் வரும். இப்போதும் ஜெர்மனில்தான் கேட்டாள், நடுவில் ஒரே ஒரு வார்த்தையைத் தவிர.

கொள்ளி என்றால் என்ன அப்பா?

"போன்ல பேசுனதக் கேட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள். படியில் உட்கார்ந்திருக்கிறவர் சொல்லிக்கொடுத்தார் என்றாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுக்கிறார், அவர் ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டாள்.

அவன் ஓடிப் போய்க் கதவைத் திறந்தான். இருட்டு. பொத்தானை அழுத்தினான். காலியான படிகள், செருப்பு அடுக்கு, மிதியடி. மிதியடி ஈரமாக இருந்தது. குனிந்தபோது கடற்கரையின் உப்பு வாடையும் அதன்மேல் நல்லெண்ணெயும் அடித்தன. மத்தியானம் அவன் வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்து கறைமேல் இரண்டு கோட் அடித்திருந்தான். பெயின்ட்டுக்கு மேலே அந்த வட்டம் பளபளத்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு அவன் தூங்கவில்லை. தக்சாயினி வாசித்த ஒரு வாக்கியம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அது பாட்டனின் மகன் சொன்ன வாக்கியம் மட்டும் இல்லை. அதை அவனும் சொல்லியிருக்கிறான்.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் முடிந்த சமயம், தங்கைக்கு நல்ல இடம் வந்தது. "பொண்ணோட அப்பா இருக்காரா, இல்லையா? பத்திரிகையில என்னன்னு போடுறது?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். காணாமல் போனவருக்குச் செய்கிற முறைப்படி, புல்லில் ஒரு ஆளைச் செய்து, அப்பாவின் வேட்டியைப் போர்த்தி, ஆற்றங்கரையில் வைத்து எரித்தார்கள். கொள்ளி வைத்தது மூத்த மகன் சிதம்பரம். அம்மா பொட்டை அழித்தாள். காரியமெல்லாம் முடிந்த எட்டாம் நாள் உச்சிவெயிலில் கதவு தட்டப்பட்டது. வீட்டில் அவன் மட்டும் கூடத்தில் இருந்தான். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "யாரு?" என்றான். எலும்பும் தோலுமாக ஒரு ஆள், இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. "ஆண்டியப்பன்" என்றார் அந்த ஆள், அவ்வளவுதான். விடிந்தால் நிச்சயதார்த்தம். கொள்ளி வைத்த பிறகு வருவது ஆள் இல்லை, அதை உள்ளே விடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறான். "அவர் செத்துட்டாரு. நான்தான் கொள்ளி வெச்சேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். யாரோ பிச்சைக்காரன் என்று பதினேழு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிவருகிறான். ஆனால் அந்த ஆள் திரும்பி நடந்தபோது வலது தோளைத் தாழ்த்தி நடந்தார். அப்பா அப்படித்தான் நடப்பார். இதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை, வேதாவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

பேர் தெரிந்த மூன்று பேருக்கும் இலை போட வேண்டும் என்று முடிவு செய்தான். பாட்டன், தாத்தா, அப்பா. ஒருத்தரையும் விடக் கூடாது. மன்னிப்புக் கேட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, வயிறு நிறையப் போட வேண்டும். அதோடு எல்லாம் தீர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சமே வரவில்லை. மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. மான்ஹைம் தமிழ்க் கடையிலிருந்து வாங்கிவந்த வாழையிலைகள் ஓரம் கறுத்திருந்தாலும் கழுவியதும் மணத்தன. வேதவல்லி காலையிலிருந்து நின்ற காலில் சமைத்தாள். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பருப்பு, வடை, பாயசம். அவளுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் புருஷன் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் செய்தாள். சாம்பிராணி போட்டால் அலறுமே என்று கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவியை அவன் கழற்றி வைத்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். அமாவாசை என்பதால் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைக்கவில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு, வெற்றுடம்பில் துண்டோடு, கூடத்தில் மூன்று இலைகளைப் போட்டான்.

பன்னிரண்டு மணி. புகை தாழ்வாக, தரையை ஒட்டியே பரவியது.

"முத்திருளாண்டிப் பாட்டா, வாங்க. வந்து சாப்பிடுங்க." "சிதம்பரம் தாத்தா, வாங்க." தன் பேரையே கூப்பிடுவதாக இருந்தது. தாத்தா பேர்தான் அவனுக்கு. "அப்பா. ஆண்டியப்பா. தப்புப் பண்ணிட்டேன்ப்பா. உள்ள வாங்க. வந்து சாப்பிடுங்கப்பா."

அவன் அழுததைப் பார்த்து வேதவல்லியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். வந்தவர்கள் சாப்பிடும்போது மனுஷக் கண் படக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவர்கள் ஊர் முறை அது. "நான் கீழ போய்க் காக்காவுக்கு வெச்சுட்டு வந்துடறேங்க" என்று சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேதவல்லி இறங்கினாள். மீரா அம்மாவோடு போயிருப்பாள் என்று எண்ணி, அவன் கடைசியாக வெளியே வந்து கதவைச் சாத்தினான். கிளிக் என்றது. இந்த நாட்டுக் கதவுகளுக்கு வெளியே கைப்பிடி திருகாது, சாத்தினால் சாத்தியதுதான், சாவி வேண்டும். சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. வேதாவிடம் இருக்கும், அவள் வந்துவிடுவாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

குளிர் வெற்றுடம்பில் ஏறியது. நிற்க முடியாமல் கதவோரத்தில் உட்கார்ந்தான். கீழே எங்கோ ஒரு வீட்டில் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை கதவிடுக்கு வழியாக மெல்ல வெளியே வந்து, அவன் கால்விரல்களைத் தாண்டி, படியில் இறங்கிப் போனது. அதன் பின்னாலேயே அந்த வாடை. உப்பு. ஈரக் கயிறு. எண்ணெய்.

அப்போதுதான் செருப்பு அடுக்கைப் பார்த்தான். மேல்தட்டில் மீராவின் சிவப்பு பூட்ஸ்.

பனிக்காலத்தில் பூட்ஸ் இல்லாமல் அவள் கீழே போகமாட்டாள்.

அவள் உள்ளே இருக்கிறாள்.

எழுந்தான். காதைக் கதவில் வைத்தான். உள்ளே சத்தம் கேட்டது. இலையில் கை துழாவும் சத்தம். சோற்றைப் பிசையும் சத்தம். ஒரு கை இல்லை. பல கைகள். உறிஞ்சும் சத்தம். பல வருஷப் பசி.

தட்டினான். முறைப்படி மூன்று தடவை.

சத்தம் நின்றது.

"யாரு?"

மீராவின் குரல். தமிழில்.

"அப்பாடா கண்ணு. கதவத் தொற. சீக்கிரம் தொற."

கதவின் பார்வைத் துளையில் ஒரு புள்ளி வெளிச்சம் இருந்தது. அது அணைந்தது. யாரோ உள்ளிருந்து கண்ணை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளை அவனுடைய முக உயரத்தில் இருந்தது. மீராவுக்கு எட்டாது.

"மீரா!"

கையால் அடித்தான். தோளால் இடித்தான். கத்தினான். படிக்கட்டு முழுக்க அவன் குரல் போயிருக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை. ரேடியோ அதே மாதிரி பேசியது. அவன் குரல் அவன் காதுக்கே சன்னமாகிக்கொண்டு வந்தது. உட்கார்ந்தான். தலை பின்னால் போய்ச் சுவரில் பட்டது. கச்சிதமாகப் பட்டது.

கையைத் தலையில் வைத்தான். எண்ணெய். காதோரமாக வழிந்தது.

கீழே விளக்குப் பொத்தானை அழுத்தும் சத்தம். காலடி. வேதா. ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள், காலிக் கிண்ணத்தோடு, மூச்சு வாங்க.

"வேதா! மீரா உள்ள மாட்டிக்கிட்டா! சாவி குடு, சாவி!"

அவள் நின்றாள். அவனைப் பார்த்தாள் என்று நினைத்தான். அவள் பார்த்தது சுவரை. "மறுபடியும் வந்துருச்சா இது?" என்று தனக்குள் சலித்துக்கொண்டாள். குளிர்கோட்டுப் பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்துக் குனிந்து துடைத்தாள். அது அவன் நெற்றிமேல், கண்மேல், வாய்மேல் போனது. எதுவும் படவில்லை. வாடை மட்டும் வந்தது. அவள் புடவை ஓரத்தை எட்டிப் பிடித்தான். விரல்களுக்குள் துணி நிற்கவில்லை.

சாவியைத் தேடிப் பையில் கை விட்டவள், வேண்டாமென்று மூன்று தடவை கதவைத் தட்டினாள்.

"இதோ வந்துட்டேன் வேதா."

உள்ளேயிருந்து வந்தது. அது அவனுடைய குரல்.

கதவு திறந்தது. தரையிலிருந்து அவனுக்குத் தெரிந்தது கால்கள் மட்டும். அவன் கட்டியிருந்த அதே பச்சைக் கரை வேட்டி. அதன் கீழே இரண்டு கணுக்கால்கள். கணுக்காலைச் சுற்றி, ரொம்ப நாள் இரும்பு கிடந்து அறுத்த, கறுத்த தழும்பு.

"காக்கா ஒடனே வந்து எடுத்துருச்சுங்க" என்றாள் வேதவல்லி சந்தோஷமாக. இத்தனை நாளில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. உள்ளே போனாள்.

கதவு மூடப்போய், ஒரு சாண் இடைவெளியில் நின்றது. மீரா. படிய வாரிய தலை, எண்ணெய் நெற்றியில் இறங்கியிருந்தது. தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் நின்றுகொண்டிருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் கண் உயரம் ஒன்றுதான். அவள் அவனைப் பார்த்தாள். அவள் மட்டும் பார்த்தாள்.

"மீரா. அப்பாடா. நான் எங்கயும் போகலடா. இங்கதான் இருக்கேன்."

அவள் கோபப்படவில்லை, பயப்படவும் இல்லை. விலாசம் தப்பி வந்தவருக்குச் சொல்வதுபோல, பொறுமையாக, ஊர்த் தமிழில், ஒரு பிசிறில்லாமல் சொன்னாள்.

"அப்பா செத்துட்டாரு. நான்தான் கொள்ளி வெச்சேன்."

கதவைச் சாத்தினாள். உள்ளே சங்கிலியை மாட்டினார்கள். இலைக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தம், வேதா யாரையோ உட்காரச் சொல்லும் சத்தம், இன்னொரு வடை வேண்டும் என்று மீரா தமிழில் கேட்கும் சத்தம். மூன்று நிமிஷம் முடிந்து, படிக்கட்டு விளக்கு அணைந்தது.